சுரப்பி வீக்கம்

யாழ்ப்பாணம்
12.01.2025

அண்ணா,

இந்தக் கடிதத்தைக் கிழிக்க முதல் ஒருமுறை வாசித்துவிடுங்கள். வாசித்த பிறகும் கிழிக்கலாம், தாள் அப்படியேதான் இருக்கும்.

நத்தார்ப் பெருநாளிலிருந்து பதினெட்டு நாளாக உங்கள் போன் எனக்கு மட்டும் வேலை செய்யவில்லை. நிஷாந்தியைக் கேட்டால், "அப்பா உங்கட நம்பரைத் தடுக்கச் சொன்னவர் மாமி. நான்தான் தடுத்துக் குடுத்தனான். குறை நினைக்காதேங்கோ" என்கிறாள். நல்ல பிள்ளை வளர்த்திருக்கிறீர்கள்.

நத்தார் மத்தியானம் நடந்ததில் என் பிழையும் இருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க நான் எழும்பி வந்து, மாட்டுக்குப் பல்லுப் பார்க்கிறவனைப் போல உங்கள் தாடையைப் பிடித்து விரலால் அமத்தியிருக்கக் கூடாது. ஆனால் பதினைந்து வருடமாகக் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கில் தாதியாக நிற்கிறவள் நான். சொந்த அண்ணனின் இடது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒன்று புடைத்து நிற்பதைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. "என்னடி இது?" என்று கேட்டீர்கள். "சுரப்பி வீக்கம் போல கிடக்கு அண்ணா. பயப்பிட ஒண்டுமில்லை" என்றேன். சோற்றுக் கோப்பையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தீர்கள். ஏன் என்று மேரிசெல்வி மச்சாளுக்கு விளங்கவில்லை, நிஷாந்திக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அதைப் பற்றி எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். வாயில் எச்சில் ஊறுவதற்கு மூன்று சோடிச் சுரப்பிகள் இருக்கின்றன. காதுக்கு முன்னால் கன்னத்தில் இருப்பது கன்னச் சுரப்பி. நாக்குக்கு அடியில் நாவடிச் சுரப்பி. தாடை எலும்புக்குக் கீழே, நீங்கள் சவரம் செய்யும்போது கத்தி வளைகிற இடத்தில், கீழ்த்தாடைச் சுரப்பி. உங்களுக்கு வீங்கியிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஏறி, கீழ்ப்பல்லுக்குப் பின்னால், நாக்கின் அடியில் திறக்கும். அதை உமிழ்நீர் நாளம் என்போம். அதில் கல் அடைத்தாலும் சுரப்பி வீங்கும், கிருமி பிடித்தாலும் வீங்கும். வேறு காரணங்களும் உண்டு. பார்க்காமல் இதுதான் என்று சொல்ல ஏலாது. விளங்குவதற்காக மறுபக்கத்தில் படம் கீறியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக். விடியற்காலை பஸ் எடுத்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். வாருங்கள் அண்ணா.

டிலோஜினி

*

தோட்டவெளி, மன்னார்
26.01.2025

டிலோஜினி,

கிழிக்கவில்லை. கிழித்தால் எனக்குப் பயம் என்று நீ நினைப்பாய்.

படம் வடிவாக இருக்கிறது. மூன்று சோடிச் சுரப்பி, குழாய், அது திறக்கிற வாசல், ஒன்றிலும் குறை சொல்ல ஏலாது. இதே படத்தை இருபத்திரண்டு வருடத்துக்கு முதல் அப்பாவுக்கும் கீறிக் காட்டினாய். அவருடைய மருந்துத் துண்டின் பின்பக்கத்தில், நீலப் பேனையால். நீ அப்போது தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாய். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். "சுரப்பி வீக்கம் அப்பா. பயப்பிட ஒண்டுமில்லை." ஒரு சொல் மாறவில்லையடி. அந்தச் சிரிப்புக்கூட மாறவில்லை.

அப்பா நம்பினார். என் மகள் படித்தவள், அவள் சொன்னால் சரி என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். சாகிறதுக்கு ஒரு கிழமைக்கு முதல் புது வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார், வாற வருசம் சோளகக் காத்துக் காலத்துக்கு வேணுமாம். நானும் நம்பினேன். நம்பியபடியால்தான் மூன்று நாள் தொழிலுக்கு மீன்பிடி வாடிக்குப் போனேன். திரும்பி வந்து வள்ளத்தைக் கரையில் இழுக்கும்போது கோயிலில் துக்கமணி அடித்தது. "ஆருக்கடா மணி?" என்று கரையில் நின்றவர்களைக் கேட்டேன். ஒருத்தன் வந்து வள்ளக் கயிற்றை என் கையிலிருந்து வாங்கினான். என்னைப் பெற்றவருக்கு அடிக்கிற மணியை நான் இடுப்பில் நனைந்த சாரத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடக்கம் முடிந்த பிறகுதான் புற்றுநோய் என்று சொன்னீர்கள், நீயும் அம்மாவும்.

ஆகவே 'சுரப்பி வீக்கம்' என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்க யாழ்ப்பாணம் வரத் தேவையில்லை.

போன் எடுக்காதே. போனில் சொன்ன பொய்க்குச் சாட்சி இல்லை. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. எழுதினது தாளில் கிடக்கும், பிறகு எடுத்து உன் முகத்துக்கு முன்னால் பிடிக்கலாம்.

அமிர்தநாயகம்

*

யாழ்ப்பாணம்
09.02.2025

அண்ணா,

நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை. மருந்துத் துண்டு, நீலப் பேனை, எல்லாமே. மூன்று தரம் பதில் எழுதி மூன்றையும் கிழித்தேன். அப்பாவின் கதையை எழுதுவேன், கட்டாயம் எழுதுவேன். முதலில் உங்கள் தாடை.

மூன்று கேள்வி கேட்கிறேன். வீக்கம் எப்போதும் ஒரே அளவில் நிற்கிறதா, கூடிக் குறைகிறதா? எந்த நேரத்தில் கூடுகிறது? அப்போது நோவு இருக்கிறதா? எனக்காகப் பதில் எழுத வேண்டாம். திட்டுவதற்காக எழுதுங்கள், அதற்குள் இந்த மூன்றையும் போட்டுவிடுங்கள்.

டிலோஜினி

*

தோட்டவெளி
16.03.2025

டிலோஜினி,

உன் கேள்விகளுக்குப் பதில் தேவைப்படாது. வீக்கம் போய்விட்டது.

உண்மையைச் சொல்கிறேன், தை மாதம் முழுக்க நான் செத்த மனிசன் மாதிரித்தான் திரிந்தேன். கடலுக்குப் போவேன், வருவேன், சாப்பாட்டில் கை வைக்கும்போது தாடை அதைத்து வீங்கும், அப்படியே எழும்பிவிடுவேன். வள்ளத்தின் பதிவுப் பத்திரம் அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மேரிசெல்விக்குக் காட்டினேன். இயந்திரத்தை எப்படிக் கழுவி எண்ணெய் விடுவது என்றும் காட்டினேன். "இதெல்லாம் எனக்கு என்னத்துக்கு? வெளிநாடு போறியளோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். விசர்ப் பெட்டை, விளங்காமல் சிரித்தாள்.

பிறகுதான் மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். விபூதிப் புதனிலிருந்து நாற்பது நாளும் ஒருசந்தி. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணிதான். பொழுதுபட ஒரு நேரம் உப்புக் கஞ்சி. மீன் இல்லை, புளி இல்லை, வெற்றிலை பொயிலை ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். தாடையைத் தடவிப் பார்த்தால் வலப்பக்கம் எப்படியோ இடப்பக்கமும் அப்படி. கஞ்சி குடிக்கும்போது ஒரு இறுக்கம் வரும், அவ்வளவுதான்.

உன்னுடைய கிளினிக்கால் ஏலாததை மாதா செய்துவிட்டா. போ, போய் மற்றவர்களுக்குப் படம் கீறு.

அமிர்தநாயகம்

*

யாழ்ப்பாணம்
25.03.2025

அண்ணா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நான் கிளினிக்கில் நின்றபடியே அழுதேன். எனக்குப் பக்கத்தில் வேலை செய்கிற ஸஜானா, "என்ன, வீட்டில ஏதும் கெட்ட செய்தியோ?" என்று ஓடி வந்தாள். "இல்லை, நல்ல செய்தி போல கிடக்கு" என்றேன்.

மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டீர்கள், உங்களுக்கே தெரியாமல். சாப்பாட்டில் கை வைத்தால் அதைக்கிறது. சாப்பிடாமல் விட்டால் இல்லை. கஞ்சிக்கு ஒரு இறுக்கம். யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டைக் கண்டால் சுரப்பி வேலை செய்யும். புளியும் மீன்கறியும் கண்டால் இன்னும் கூட. ஊறுகிற எச்சில் போகிற வழியில் கல் ஒன்று குறுக்கே கிடந்தால், போக வழியில்லாமல் சுரப்பி வீங்கும். சாப்பாடு முடிய, ஊறுவது குறைய, மெல்ல மெல்லக் கசிந்து வற்றும். உமிழ்நீர்க் கல் செய்கிற வேலை இது. நீங்கள் உப்புக் கஞ்சியோடு நின்றால் சுரப்பிக்கு வேலை இல்லை, வீக்கமும் இல்லை.

மாதாவை நான் குறை சொல்லவில்லை. நானும்தான் மெழுகுதிரி கொழுத்தினேன். ஆனால் கல் அங்கேயே இருக்கிறது அண்ணா, ஒருசந்தி முடிய மறுபடியும் வீங்கும்.

என்னை நம்ப வேண்டாம். இன்றைக்கே ஒரு துண்டுத் தேசிக்காயை நாக்கில் வைத்துப் பாருங்கள். நேர்த்தி முறியும் என்று பயந்தால் ஒருசந்தி முடிகிற பாஸ்குத் திருநாள் அன்றைக்குப் பாருங்கள். நான் தாளில் எழுதித் தருகிறேன், நீங்கள் கேட்டபடி. புளிப்பு ஏதாவது வாயில் பட்டால் கொஞ்ச நேரத்துக்குள் வீங்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் வற்றும். இது பொய்த்தால் இந்தத் தாளை என் முகத்துக்கு முன்னால் பிடியுங்கள். ஆனால் எது நடந்தாலும் கிளினிக்குக்கு வரத்தான் வேண்டும். நாள் கடத்தினால் கிருமி பிடிக்கும்.

டிலோஜினி

*

தோட்டவெளி
21.04.2025

தங்கச்சி,

நேற்றுப் பாஸ்கு. பூசை முடிந்து வந்து இருந்தோம். மேரிசெல்வி ஆட்டிறைச்சி வைத்தாள், மாங்காய்ச் சம்பல் போட்டாள். நாற்பது நாளுக்குப் பிறகு வாய் ருசியாகச் சாப்பிடப் போகிறேன் என்று பிள்ளையைப் போல இருந்தேன். மூன்றாவது வாய் வைக்கவில்லை, இழுத்தது. கை வைத்துப் பார்த்தேன். நத்தாரில் இருந்ததைவிடப் பெரிது.

கையைக்கூடக் கழுவாமல் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். மாதா என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டா, நேர்த்தியில் எங்கேயோ பிழை விட்டுவிட்டேன், இனி முடிந்தது என்று நினைத்தேன். அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு ஐம்பத்திரண்டு. நிஷாந்திக்கு இன்னும் ஒரு வழியும் பார்க்கவில்லை. அழுதேன். உனக்குச் சொல்வதில் என்ன, சத்தமாகத்தான் அழுதேன்.

மேரிசெல்வி வந்தாள். கையில் உன் கடிதம். ஒளித்து வைத்ததை எப்படித்தான் எடுத்தாளோ. "இஞ்சை பாருங்கோ, உங்கட தங்கச்சி ஒரு மாதத்துக்கு முதல் எழுதினதை. வீங்கும் எண்டவ, வீங்கியிட்டுது. ரண்டு மணித்தியாலத்தில வத்தும் எண்டவ. எழும்பாதேங்கோ, இருந்து பாப்பம்." வெளிநாட்டுக் கதையும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்கிறது, என் முதுகில் ஒரு அடி போட்டாள். நல்ல அடி. சுவர் மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து கிணற்றுக் கட்டில் வைத்தாள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பன்னிரண்டே முக்காலுக்கு ஏறினது. இரண்டரைக்குத் தடவிப் பார்த்தேன், இல்லை.

இன்றைக்குக் காலமையிலிருந்து நாலு தரம் தேசிக்காய் வைத்துப் பார்த்துவிட்டேன். நாலு தரமும் ஏறி நாலு தரமும் இறங்கியது. "அப்பா, காணும், வெறும் வயித்தில வேண்டாம்" என்று நிஷாந்தி பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு அப்பாவின் கழுத்தை நினைத்துப் பார்த்தேன். நான் அவருக்கு எத்தனை நாள் எண்ணெய் தடவினேன். அது ஒருநாளும் இறங்கியதில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், விடியவும் பொழுதுபடவும் ஒரே அளவு. கல்லைப் போல, அசையாமல் நிற்கும். என்னுடையது அப்படி இல்லை. இதை நீ சொல்லவில்லை, நானாக யோசித்தேன்.

வாறன். ஆனால் மூன்று விசயம். வைத்தியர் எனக்கு நேரே சொல்ல வேண்டும், உனக்குச் சொல்லி நீ எனக்குச் சொல்லக் கூடாது. அவர் சொல்லும்போது நீ கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். கல் எடுத்தால் அதை என் கையில் தர வேண்டும்.

இன்னொன்று. அப்பாவின் கதையை எழுதுவேன் என்றாய். எழுது. அதை வாசிக்காமல் நான் பஸ் ஏற மாட்டேன்.

அண்ணன்

*

யாழ்ப்பாணம்
27.04.2025

அண்ணா,

மூன்றுக்கும் ஓம். ஆறாம் திகதி செவ்வாய்க்கிழமை வாருங்கள். வைத்தியர் முதலில் விரலை வாய்க்குள் விட்டு நாக்கின் அடியைத் தடவிப் பார்ப்பார், பிறகு எக்ஸ்ரே. கல் வாசலுக்குக் கிட்ட இருந்தால் விறைப்பு ஊசி போட்டு, வாய்க்குள்ளேயே சின்னதாக வெட்டி எடுப்பார்கள். உள்ளே சுரப்பிக்குள் இருந்தால் வேலை கொஞ்சம் பெரிது. கல் என்றுதான் நான் பெரும்பாலும் நம்புகிறேன். ஆனால் முழுக்க நிச்சயம் என்று எழுத மாட்டேன், எனக்கு முழுக்கத் தெரியாது. தெரியாததை இனி உங்களுக்குத் தெரியாது என்றே சொல்வேன்.

இனி அப்பா.

அந்த ஆடி மாதம் முடிவு வந்த அன்றைக்கு வைத்தியர் அம்மாவையும் என்னையும்தான் கூப்பிட்டுச் சொன்னார். வாய்ப் புற்றுநோய், கழுத்தில் கட்டியிருக்கிற நெறிகளுக்கும் பரவிவிட்டது, நாள் கணக்குத்தான் என்றார். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. "அவருக்குச் சொல்லாதை பிள்ளை, பயத்திலயே போயிடுவார். அண்ணனுக்கும் சொல்லாதை. அவன்ரை முகத்தில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும், அவர் வாசிச்சிடுவார்." எனக்கு இருபத்திரண்டு வயது. வகுப்பில் அந்தக் கிழமைதான் உமிழ்நீர்ச் சுரப்பிகள் படித்திருந்தோம். அப்பா "என்ன பிள்ளை இது?" என்று கேட்டதும், படித்த பாடம் அப்படியே வாயில் வந்தது. படமும் கீறினேன். அவர் சிரித்ததைக் கண்டதும் நான் ஏதோ நல்லது செய்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

நீங்கள் வாடிக்குப் புறப்பட்ட அன்றைக்கு நான் வாசல் படலையடியில் நின்றேன். அப்பாவுக்கு மூச்சு மாறியிருந்தது, நான் பார்த்திருந்தேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனீர்கள். "கெதியா வாங்கோ அண்ணா" என்றேன். "ஏனடி?" என்று திரும்பிக் கேட்டீர்கள். "சும்மா" என்றேன்.

அம்மா சொன்னது காரணம் இல்லை. அந்த இடத்தில் அம்மா இல்லை. நான் மட்டும்தான் நின்றேன். எனக்குப் பயம், அதுதான். நீங்கள் கத்துவீர்கள், அப்பா கேட்டுவிடுவார் என்ற பயம். ஒரு சொல் சொல்லியிருந்தால் நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். இன்றைக்கும், கிளினிக்கில் யாருக்காவது 'சுரப்பி' என்று சொல்லத் தொடங்கும்போது என் வாய் உலர்ந்து போகும். இது அந்த ஸஜானாவுக்குக்கூடத் தெரியாது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பஸ் ஏறுங்கள்.

டிலோ

*

தோட்டவெளி
18.05.2025

டிலோ,

இரண்டாம் முறை வந்து திரும்பின அன்றைக்கே எழுத வேண்டும் என்று இருந்தேன். வாய்க்குள் பஞ்சு, தலைக்குள் விறைப்பு, பேனை பிடிக்க மனம் வரவில்லை. இப்போது சுகம். இதைச் சுகம் சுகம் என்று பத்துத் தரம் வாசி.

உன் வைத்தியர் நல்ல மனிசன். முதல் நாள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "இதுதான் கல்லு" என்று காட்டினார். நான், "சேர், எனக்கு நேரை சொல்லுங்கோ. புற்றுநோயோ?" என்றேன். "இல்லை" என்றார். மறுபடி கேட்டேன். இல்லை என்றார். மூன்றாம் தரமும் கேட்கக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அமிர்தநாயகம், நான் இதை ரெண்டு தரத்துக்கு மேல சொல்லுறேல்லை. உங்களுக்காக ஒருக்கா கூடச் சொல்லுறன். இல்லை" என்றார். பதின்மூன்றாம் திகதி வெட்டி எடுத்தபோதும் கேட்டேன். வாய்க்குள் பஞ்சு வைத்திருந்தபடியால் அவருக்கு விளங்கவில்லை, ஆனால் தலையாட்டினார்.

கல்லைக் கையில் தந்தார்கள். பாசிப்பயறு அளவு, மஞ்சள், ஒருபக்கம் கரடு. இவ்வளவு சின்னதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பயறுக்காகவா நான் வள்ளத்தின் பத்திரம் எல்லாம் காட்டினேன்? மருந்து கட்ட வந்த பெடியன், "மன்னார் ஆக்கள் சிப்பிக்குள்ளதான் முத்து எடுக்கிறவை எண்டு கேள்விப்பட்டனான், நீங்கள் வாய்க்குள்ள எல்லோ வளர்த்திருக்கிறியள்" என்றான். அடிக்கலாம் போல இருந்தது, சிரிக்கத்தான் முடிந்தது. தையல் இழுத்து நொந்தது.

வெளியே வந்தபோது உன்னைக் கண்டேன். சுவரோடு கதிரையில் இருந்தாய், கையில் செபமாலை, கண் கதவில். நான் கையை விரித்துக் கல்லைக் காட்டினேன். நீ அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாய். பிறகு அந்த ஸஜானாவின் தோளில் விழுந்து அழுதாய். நானும் அழுதிருப்பேன், ஆனால் அவ்வளவு சனம் நின்றது.

நேற்று மத்தியானம் மேரிசெல்வி வேண்டுமென்றே புளி கூட்டிப் பாரைக்கறி வைத்தாள். நான் வாயில் வைக்கிறேன், தாயும் மகளும் தங்கள் கோப்பையைத் தொடாமல் என் தாடையையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். இரண்டு வாய், மூன்று வாய், பத்து வாய். ஒன்றும் இல்லை. எச்சில் ஊறி ஊறிக் கடைவாயால் வழிந்தது, துடைக்காமல் சாப்பிட்டேன். "தண்ணி நிறையக் குடியுங்கோ எண்டு மாமி சொன்னவ" என்று நிஷாந்தி செம்பை நீட்டினாள். இனி கடலுக்குப் போகும்போது இரண்டு போத்தல் கொண்டு போகிறேன். பொயிலையைத் தொடவில்லை. தவக்காலத்தில் விட்டது அப்படியே விட்டதுதான்.

அப்பாவின் கதையை வாசித்துவிட்டு நாலு நாள் உன்னோடு கோபமாக இருந்தேன். பிறகு அம்மாவோடு. கல்லறைக்குப் போய் அவவோடும் கதைத்தேன், அவ என்ன பதில் சொல்லப் போறா? படலையடியில் நீ நின்றது எனக்கு நினைவில்லை. 'கெதியா வாங்கோ' என்றதும் நினைவில்லை. நீ இருபத்திரண்டு வருடம் சுமந்து திரிந்த சொல்லை நான் காதில்கூட வாங்கவில்லை, பார். அந்தக் கோபம் இப்போது எனக்கு இல்லை. அப்பாவை நினைத்தால் நோகிறது, அது நோகத்தான் செய்யும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முப்பது வருடம் வெற்றிலையும் பொயிலையும் போட்ட வாய் இது. இந்தக் கல் போய்விட்டது. நாளைக்கு வேறு ஏதாவது, உண்மையாகவே கெட்டது ஏதாவது, வந்தாலும் வரலாம். வந்தால் மேரிசெல்வியிடம் சொல்லாதே, நிஷாந்தியிடம் சொல்லாதே. முதலில் என்னிடம் சொல்லு. நான் அழுவேன், கத்துவேன், உன்னைத் தூசணத்தால் பேசினாலும் பேசுவேன். பரவாயில்லை, சொல்லு. நீ சொன்னால் நம்புவேன்.

அண்ணா